தட்டைப் பார்க்கச் சொல்லும் ஜாய்ஸ்

"கொஞ்சமாச் சோறு வைங்க மதினி. பக்கத்துல செவப்பா ஏதாச்சும் ஒரு காய். ரசம் இருந்தா ஒரு கரண்டி" என்று ஜாய்ஸ் என் மனைவியிடம் கேட்டபோது மணி காலை பத்தரை. அது யாரும் சாப்பிடுகிற நேரமில்லை, கேட்டவருக்குப் பசியும் இல்லை. எங்கள் சாப்பாட்டு மேஜையின்மேல் முட்டை அட்டை ஒன்றை வைத்து, முட்டைக்கான குழிகளிலிருந்து பல்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். குழிகள் முப்பது, பல்புகள் இருபத்தெட்டு. மீதி இரண்டு குழிகளில் ஒன்றில் கறுப்பு டேப் இருந்தது. இன்னொன்றில் அவித்த முட்டை ஒன்று, நிஜ முட்டை, இருந்தது.

முட்டை எதற்கு என்று கேட்டேன்.

"வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணா இருக்குற பொருளு வேற என்னண்ணே இருக்கு? வெள்ளையில நீலம் பாயக் கூடாது. மஞ்சக்கரு பச்சையடிக்கக் கூடாது. ரெண்டும் ஒழுங்காத் தெரிஞ்சா அந்தப் பல்பு பாஸு."

பிறகு ஜன்னல்களைச் சாத்தினார். எங்கள் போர்வை ஒன்றைக் கேட்டு வாங்கி வெளிச்சம் கசியும் இடத்தில் தொங்கவிட்டார். நீளமான ஒயரின் நுனியில் இருந்த ஹோல்டரில் பல்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் வழக்கப்படி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த வாசகத்தை முதன்முதலாகக் கேட்டேன். தேனி பஜாரில் அவரிடம் விளக்கு வாங்கிய எல்லோரும் அதைக் கேட்டிருப்பார்கள்.

"லைட்டைப் பாக்காதீக. தட்டைப் பாருங்க."

என் மனைவிக்குக் கைப்பேசியில் தட்டினால் நிறம் மாறும் பல்பின்மேல் ஓர் ஆசை இருந்தது. ஜாய்ஸ் மறுக்கவில்லை. அந்தப் பல்பைப் போட்டு, நீலத்துக்கு மாற்றி, காலையில் மிஞ்சிய இட்லி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நீல வெளிச்சத்தில் அந்த இட்லியைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்கு இட்லி சுடவில்லை. ஆசை அத்தோடு தீர்ந்தது. விலை கூடின பல்பை வேண்டாமென்று வாடிக்கையாளர் வாயாலேயே சொல்லவைக்கும் கடைக்காரரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மிதமான மஞ்சளில் ஒரு பல்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, பரீட்சை முடிந்த முட்டையை உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்.

ஜாய்ஸுக்கு நாற்பத்துமூன்று வயது. கடைப் பலகையில் இன்னும் அப்பா எபனேசரின் பெயர்தான் இருக்கிறது. டியூப் லைட்டும் சோக்கும் விற்ற கடை அது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்த மகள் அதைக் கையில் எடுத்து, வீடு வீடாகப் போய் விளக்குப் பொருத்திக் கொடுக்கிற கடையாக மாற்றிவிட்டார். சுடிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்திருப்பார். டெஸ்டரின் இடம் கொண்டை. யாராவது பெண்கள் பூ வைத்துவிட வந்தால் முதலில் டெஸ்டரை உருவித் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக சுவிட்ச் போர்டு முன்னால் போய் நிற்பார். அதில் எத்தனை சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரர் சொல்வதற்குமுன் அவர் சொல்லிவிடுவார். போர்டைக் கழற்றுமுன் உதட்டுக்குள் "இயேசப்பா" என்று ஒரு முணுமுணுப்பு, பிறகு விரலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. இரண்டையும் ஒருநாளும் விட்டதில்லை. அளக்கிற டேப் பையில் இருக்கும், ஆனால் அளப்பது சாணால்தான். சுவரில் காதை வைத்து விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போய், உள்ளே குழாய் எங்கே வளைகிறதென்று சொல்வார். ஏதாவது யோசனை உதித்துவிட்டால் வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, "இருங்க, இருங்க, இருங்க" என்பார். மூன்று தடவை சொன்னால் யோசனை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டோடு நின்றால் இன்னும் இல்லை.

அன்று மதியம் எங்களோடு சாப்பிட்டார். மீன் குழம்பு. மின்சாரத்துக்குப் பயப்படாத அந்த மனுஷி ஒரு துண்டு மீனுக்கு நடுங்கியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு விள்ளலையும் விரலால் மூன்று முறை நசுக்கி, தடவி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்த பிறகுதான் வாயில் போட்டார். "ஏழாப்புப் படிக்கையில தொண்டையில முள்ளு சிக்கி மதுரைக்குக் கொண்டு போனாகண்ணே. அதுல இருந்து நானே மூணு தரம் தடவிப் பாக்காம முழுங்குறதில்ல. எங்க அம்மா முள்ளெடுத்துக் குடுத்தாலும் நம்ப மாட்டேன்" என்றார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரம் ஒதுக்கி முடித்தபோது அவர் பாதி மீனில் இருந்தார்.

போன ஆவணியில் அவரை அனுமந்தன்பட்டிக்கு அழைத்துப் போகும்படி ஆயிற்று.

அங்கே என் அக்கா மாயக்காள் வீடு. மச்சான் முத்துக்கருப்பனுக்குத் திராட்சைத் தோட்டம். மகள் மகாலட்சுமிக்கு அந்த வாரம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை தங்கபாண்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளோடு மறுவீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ராத்திரி ஏழரைக்கு விருந்து. எங்கள் பக்கத்தில் முதல் விருந்துக்கு மாமனார் மாப்பிள்ளையோடு பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உட்காராவிட்டால் மறுநாள் அது போடி வரைக்கும் பேச்சாகிவிடும்.

மச்சான் உட்கார மாட்டேன் என்றார்.

பங்குனி மாதத்திலிருந்தே அவர் ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலம் ஐந்தரைக்கே முடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நாற்காலியைப் போட்டு, வெயில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவார். டாக்டர் சீக்கிரம் சாப்பிடச் சொன்னதாகக் காரணம். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விருந்துக்கும் அதே பாட்டுத்தான். தான் முன்னாலேயே சாப்பிட்டுவிடுவதாகவும், மாப்பிள்ளை சாப்பிடும்போது பக்கத்தில் நின்று கவனித்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். அக்கா தொலைபேசியில் அழுதுவிட்டாள்.

"சாப்புடுற எடம் இருட்டா இருக்குண்டு சொல்றாக தம்பி. நல்ல வெளிச்சமாப் போட்டுட்டா ஒக்காந்துருவாக. ஒனக்கு லைட்டுப் போட்ட அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. ஆனா சொவத்த ஒடைக்கக் கூடாது, சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு அடிச்ச பெயிண்டு."

புதன்கிழமை காலை ஜாய்ஸ் ஸ்கூட்டரில் முன்னே போக, நான் பைக்கில் பின்னே போனேன். முட்டை அட்டை அவர் காலடியில். சின்னமனூர் வேகத்தடைகளில் எல்லாம் நிஜ முட்டை கொண்டுபோகிறவரைப் போல ஊர்ந்து ஏறி இறங்கினார்.

அக்கா வீட்டில் சாப்பிடும் இடம் என்பது ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் பத்துக்கு எட்டு இடம். வீடு கட்டியபோது அங்கே நெல்மூட்டை அடுக்குவதாகத்தான் எண்ணம். மூட்டைக்கு எதற்கு வெளிச்சம் என்று கிழக்குச் சுவரில் உயரே ஒரே ஒரு பாயின்ட் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பிறகு மூட்டை போய் மேஜை வந்தது. பாயின்ட் மட்டும் அதே இடத்தில் இருந்தது. ஜாய்ஸ் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தார். இருந்த ஒரே குழாயும் உள்ளே சிமென்ட் இறுகி அடைத்திருந்தது. புதிதாக ஒயர் இழுக்க வழியில்லை. சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டை அடித்து ஒயர் இழுக்கலாம் என்றார், அக்கா முகத்தைப் பார்த்ததும் தானே வேண்டாமென்று விட்டார்.

அந்த ஒற்றைப் பாயின்ட்டில் அக்காவின் மகன் சுரேஷ்கண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் பல்பு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. போனிலேயே போடலாம், அமத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம். ஒரே நிபந்தனை, சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டே இருக்க வேண்டும். என் அக்காவோ ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாகப் போய் சுவிட்சை அமத்துகிற ஜாதி. அதனால் அந்தப் பல்பு சுரேஷ்கண்ணன் போனில் தினமும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அவன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டுக் கெஞ்சுவான். இவள், எங்கள் வீட்டு விளக்கை நீ அங்கிருந்து அமத்துவாயாக்கும் என்று கேட்பாள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்தி நேரத்தில் விளக்கைப் போட்டதும் அதைப் பார்த்துக் கும்பிடுவது அக்காவின் வழக்கம். தானாக எரியும் விளக்கை எப்போது கும்பிடுவது? ஜாய்ஸ் இதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். சின்ன நோட்டை எடுத்து, "கையால போடணும்" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு வழக்கமான பரீட்சை. ஜன்னல்கள் சாத்தியாயிற்று. எவர்சில்வர் தட்டில் சோறு, பீட்ரூட், முட்டை, முதல்நாள் மீன் குழம்பில் ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை உட்காரப்போகிறவர் அவர்தானே என்று மச்சானையே கூப்பிட்டு உட்காரவைத்தார் ஜாய்ஸ். மச்சான் தன்னுடைய வழக்கமான நாற்காலியில் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தார். வேறு திசையைப் பார்த்து அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

அட்டையிலேயே பெரிய பல்பை எடுத்து ஜாய்ஸ் அந்தப் பாயின்ட்டில் மாட்டினார். வெள்ளை வெளேரென்று அடித்தது. நானும் அக்காவும் அசந்துபோனோம். தரையில் கிடந்த கடுகு தெரிந்தது. ஜாய்ஸ் பெருமையோடு, "லைட்டைப் பாக்காதீக, தட்டைப் பாருங்கண்ணே" என்றார்.

மச்சான் தட்டைப் பார்த்தார். கை நீண்டது. விரல் முதலில் தட்டின் விளிம்பில் இடித்தது, பிறகு சோற்றுக்குள் போயிற்று, பிறகு மீனைத் தேடி எடுத்தது. வாயில் போட்டவர் இரண்டு மென்றுவிட்டு நிறுத்தினார். முகத்தைத் திருப்பி, எதையோ உள்ளங்கையில் துப்பி, கையை மூடிக்கொண்டார். "எல்லாம் ஒண்ணுதான் தாயி. வெளிச்சத்துல என்ன இருக்கு" என்று எழுந்துவிட்டார். ஜாய்ஸ் இன்னும் பெரிய பல்பு இருக்கிறதென்று அவசரமாக அட்டையைத் துழாவினார். "இருங்க, இருங்க" என்றார். இரண்டுதான்.

எனக்கு ஜாய்ஸைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்து, தோற்றுப்போய், ஆறின சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் கண் இப்போது தட்டில் இல்லை. வாசற்படியில் நின்றிருந்த மச்சானின் முகத்தில் இருந்தது. அந்தப் பல்பு எரிந்துகொண்டிருந்த பக்கம் பார்க்கும்போதெல்லாம் மச்சான் கையைப் புருவத்துக்குமேல் வைத்துக்கொண்டார். ஜாய்ஸ் எழுந்து போய் முதல் வேலையாகப் பல்பை அமத்தினார். பிறகு, ஏதோ ஊர்க்கதை கேட்கிறவரைப் போல மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, பொழுது மசங்குன பெறகு வண்டியில வரையில எதுக்க லாரி வந்தா என்ன செய்வீக?"

"ஓரங்கட்டி நின்டுருவேன்."

"எத்தன மாசமா?"

மச்சான் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பங்குனியில இருந்து" என்றார்.

அப்புறம் எல்லாம் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. தேனியில் காட்டியிருக்கிறார். சர்க்கரை குறைந்ததும் ஆபரேஷன் செய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெண்ணின் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று எவனாவது கிளப்பிவிட்டால் என்ன ஆவது என்று இவர் வாயே திறக்கவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்குச் சின்னதுல இருந்து மீனு முள்ளெடுத்துக் குடுத்தவன் நாந்தான். பள்ளிக்கூடம், காலேசு, வேலைக்குப் போன பெறகும் இலையில என் பக்கம் மீனத் தள்ளிட்டுச் சும்மா ஒக்காந்துருப்பா. ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைக்கு முன்னால தள்ளுவா. அப்ப நான் என்ன செய்றது?" என்றார் மச்சான்.

ஜாய்ஸ் வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இருங்க, இருங்க, இருங்க."

அதன்பிறகு அவர் பேசிய வேகத்துக்கு நாங்கள் யாரும் ஈடு கொடுக்க முடியவில்லை. தப்பு தன்மேல்தான் என்றார். வெளிச்சம் பற்றவில்லை என்று எல்லோரும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். கிழக்கைப் பார்த்து உட்காருகிறவருக்குக் கிழக்குச் சுவரில் விளக்கு, அது நேராகக் கண்ணில் அடிக்கிறது. புரை விழுந்த கண்ணுக்கு அதுதான் எதிரி. எவ்வளவுக்கெவ்வளவு பெரிய பல்போ அவ்வளவுக்கவ்வளவு குருடு. போதாததற்கு எவர்சில்வர் தட்டு வேறு கீழேயிருந்து பளபளக்கிறது. விளக்கு கண்ணுக்குத் தெரியவே கூடாது, வெளிச்சம் இலையில் மட்டும் விழ வேண்டும். அப்படியென்றால் தலைக்குமேலே தொங்க வேண்டும். தலைக்குமேலே ஒயர் இல்லை. ஒயர் இல்லாமல் என்ன தொங்கும் என்று கேட்டுக்கொண்டே மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூரையில், மேஜைக்கு நேர் மேலே, ஓர் இரும்புக் கொக்கி இருந்தது.

"அது எதுக்குக்கா?"

"மகாலட்சுமி கைப்பிள்ளையா இருக்கையில தொட்டி கட்டுனது" என்றாள் அக்கா.

ஜாய்ஸ் நாற்காலியில் ஏறி, மேஜையில் ஏறி, கொக்கியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கீழே இறங்கியவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரிசுச்சீட்டு விழுந்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த விளக்கு வந்தது. சொம்பைக் கவிழ்த்த அளவில், ஆழமான மூடி போட்ட விளக்கு. பேட்டரி உள்ளேயே இருந்தது. போனைப் போல அவ்வப்போது சார்ஜ் போட்டால் போதும். கொக்கியில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, மச்சானை உட்காரவைத்து, அவர் கண்ணுக்குப் பல்பு தெரியாத உயரத்தைச் சாணால் அளந்து நிறுத்தினார். ஒயர் இல்லாத குட்டி சுவிட்ச் ஒன்றைப் பழைய சுவிட்சின் பக்கத்தில் ஒட்டினார். சுவரில் ஓர் ஓட்டைகூட விழவில்லை. அக்கா விரலால் அமுத்தினாள். மேஜை நடுவில் மட்டும் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. அக்கா கும்பிட்டாள். ஜாய்ஸ் நோட்டை எடுத்து அன்று எழுதிய வரியை அடித்தார்.

தட்டுக்குப் பதில் வாழையிலை போடச் சொன்னார். பச்சையில் சோற்றை வைத்தார்கள். மச்சான் குனிந்து பார்த்தார். "இலை தெரியுது" என்றார். பிறகு, "சோறு தெரியுது" என்றார். மீன் வைத்துப் பார்க்க ஜாய்ஸுக்குக் கை பரபரத்தது, ஆனால் வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் மீன் ஏறாது. அதனால் பெரிய பரீட்சை ஞாயிற்றுக்கிழமைக்கே தள்ளிப்போயிற்று.

கிளம்பும்முன் சுரேஷ்கண்ணனின் பல்பைப் பழையபடி சுவரில் மாட்டி, மங்கலாக்கி வைத்து, அந்தச் சுவிட்சை அக்கா அமத்தாதபடி மேலே டேப் ஒட்டினார். மச்சானிடம், "லைட்டு நான் போட்டுட்டேண்ணே. கண்ணை டாக்டருதான் போடணும். விருந்து முடிஞ்சதும் பிள்ளைககிட்டச் சொல்லிருங்க" என்றார். மச்சான் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஜாய்ஸும் விருந்துக்கு வந்தாக வேண்டும் என்றாள் அக்கா.

டேப் ஒட்டாத சுவிட்ச் இன்னொன்று அந்த வீட்டில் இருந்ததை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கு ஜாய்ஸ் ஆலயத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார். கொண்டையில் அன்றும் டெஸ்டர் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் அன்று ஐந்தரைக்குச் சாப்பிடவில்லை. பசியோடும் பயத்தோடும் வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஜாய்ஸ் நேராக வந்து குட்டி சுவிட்சை அமுத்தினார். விளக்கு சிவப்பாக ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டு அணைந்தது.

ஜாய்ஸ் சொல்லியபடியே அக்கா சனிக்கிழமை விளக்கை இறக்கி அடுப்படியில் சார்ஜ் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறாள். வரும்போது கை தானாகப் போய் அடுப்படிச் சுவிட்சை அமத்தியிருக்கிறது. ராத்திரி முழுக்க விளக்கு சும்மா கிடந்திருக்கிறது. காலையில் பத்திரமாகக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டிருக்கிறாள்.

இனி சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் ஆகும். ஹாலில் மாப்பிள்ளை காப்பித் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டாள். மச்சான், "நான் வாசலுக்குப் போறேன்" என்றார்.

"ஒக்காருங்கண்ணே" என்றார் ஜாய்ஸ். வளையல்கள் மேலே ஏறின. "இருங்க, இருங்க, இருங்க."

கைப்பையைக் கவிழ்த்தார். வேதாகமம், சில்லறை, சாவி, கறுப்பு டேப், கடைசியில் தன் போனுக்கு வைத்திருந்த பவர் பேங்க். அதன் ஒயரை விளக்கில் செருகினார். விளக்கு எரிந்தது. ஆனால் செங்கல் போன்ற அதைக் கூரையில் எப்படி நிறுத்துவது? மேஜைமேல் ஏறி, கறுப்பு டேப்பால் சங்கிலியோடு சுற்றினார். பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா ஓடிப்போய் மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த நாலு முழம் மல்லிகையைக் கொண்டுவந்தாள். ஜாய்ஸ் அதை டேப், ஒயர், பவர் பேங்க் எல்லாம் மறைய மேலிருந்து கீழே சுற்றி முடித்து இறங்கவும், மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். பூ வைத்த லைட்டைப் போடியில்கூடப் பார்த்ததில்லை என்றார். நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

இலை போட்டாயிற்று. மச்சான் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, அதற்குப் பக்கத்தில் மகாலட்சுமி, எதிரே தாய்மாமன் என்ற உரிமையில் நான். ஜாய்ஸ் உட்கார மறுத்து அடுப்படி வாசலில் நின்றார். கறி வந்தது, கோழி வந்தது, பிறகு வைகை அணைக் கெண்டை வந்தது. கெண்டையில் சதையைவிட முள்தான் அதிகம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மகாலட்சுமி பெரிய துண்டாக இரண்டு வாங்கி, இலை விரித்த ஒரு தட்டில் வைத்து, பேசிக்கொண்டே, பார்க்காமலே, அப்பா பக்கம் தள்ளினாள்.

மச்சான் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பில் கையை நனைத்துக்கொண்டார். விளக்கைப் பார்க்கவில்லை. தட்டை இழுத்துத் தன் இலைமேல் வைத்துக் குனிந்தார். நடுமுள்ளைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவி இலையின் பச்சை ஓரத்தில் போட்டார். அப்புறம் சின்ன முட்கள். ஒன்று, இரண்டு, மூன்று. சாப்பிடுவதாகப் பாவனை செய்துகொண்டு நான் எண்ணினேன். பதினொன்று. கடைசி முள் தலைமயிர் கனம்தான் இருக்கும். அதையும் இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுப்படி வாசலில் ஜாய்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் இலையில் ஒரு பங்கு வைத்தார். மாப்பிள்ளை இலையில் ஒரு பங்கு. தட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மச்சான் தலையைத் திருப்பாமல், "தாயி, இங்கன வந்து ஒக்காரு" என்றார்.

அக்கா என் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டாள். ஜாய்ஸ் கொண்டையிலிருந்த டெஸ்டரை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மச்சான் கை நீட்டி மீதி மீனை அந்த இலையில் வைத்தார். ஜாய்ஸ் அதை விரலால் நசுக்கவில்லை, தடவவில்லை, வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தபடியே முழுவதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.